கம்பம் பள்ளத்தாக்கின் கதை – 23: மலையைத் தரையிலேயே சந்திப்பது

சென்ற இதழில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு 1895இல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய கதையைப் பார்த்தோம். இந்த இதழில் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் மண்ணை எழுதுகிறார்கள், கால்வாயை எழுதுகிறார்கள், கோயிலையும் சந்தையையும் எழுதுகிறார்கள். வானத்தை யாரும் எழுதுவதில்லை. ஆனால் 1971 டிசம்பர் 9ஆம் தேதியை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்தாக்கின் கதையை முழுதாகச் சொல்ல முடியாது.

அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. பகல் நேரம்தான். ஆனால் வானம் தெளிவாக இல்லை. சின்னமனூர் அருகே உயர்ந்த மலைப்பகுதியில் விமானம் மோதியது. உள்ளே இருந்த 31 பேரில் பணியாளர்கள் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்துபோனார்கள். பயணிகளில் 10 பேர் உயிர் தப்பினார்கள். பிரிட்டனில் வடிவமைத்து, கான்பூரில் நம்முடைய எச்ஏஎல் தொழிற்சாலையில் கட்டப்பட்டுவந்த ரகம் அது. பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாத ஊர்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் போய்வந்தது இந்த இரட்டை எஞ்சின் ஆவ்ரோதான். நாடே பாகிஸ்தானுடன் போரில் இருந்த நாட்கள் அவை. டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்த அந்தப் போரின் நடுவில் நடந்த விபத்து என்பதாலோ என்னவோ, இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

அனுமந்தன்பட்டியில் நின்று சுற்றிப் பார்த்தால் நம் பள்ளத்தாக்கின் அமைப்பு புரியும். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் தொடர். கிழக்கே மேகமலை. நடுவில் நெல்லும் திராட்சையும் விளையும் குறுகிய சமவெளி. சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், அதாவது 4,900 அடி உயரத்தில் இருக்கின்றன. சிகரங்கள் அதற்கும் மேலே. மதுரை விமான நிலையம் சின்னமனூருக்கு நேர் கிழக்கே, ஆகாய வழியில் 75 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இறங்கத் தயாராகும் விமானம் உயரத்தைக் குறைக்கத் தொடங்கும் தொலைவு கிட்டத்தட்ட இதுவேதான். மேற்கிலிருந்து மதுரைக்கு வரும் விமானிக்கு, இறக்கம் தொடங்குகிற அதே இடத்தில் மலையும் நிற்கிறது. டிசம்பரில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அந்த மலை மேகத்துக்குள் மறைந்துவிடும். இதை இங்கே உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எஞ்சின் பழுதில்லை, இறக்கை உடையவில்லை, விமானி தன் கட்டுப்பாட்டிலேயே விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார், எதிரே மலை இருப்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை: இப்படி நடக்கும் விபத்துகள் விமானத் துறையில் தனி வகையாகவே கணக்கிடப்படுகின்றன. ஜெட் யுகத்தின் முதல் சில பத்தாண்டுகளில் பயணிகளை மிக அதிகமாகக் காவு வாங்கிய வகைகளில் ஒன்று இது. சின்னமனூர் விபத்தில் எந்த விமானியைக் குற்றம் சொல்வதும் என் நோக்கமல்ல. அவர்களைப் போன்றவர்கள் அந்த நிலைமையை வானத்தில் முதன்முதலாகச் சந்திப்பதற்கு முன்னால், தரையில் ஒருமுறை சந்திக்க வழி இருந்ததா என்பதே என் கேள்வி. அந்த வழியின் வரலாறு அமெரிக்காவில் ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையில் தொடங்குகிறது.

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் லிங்க் குடும்பத்தார் பியானோவும் ஆர்கனும் செய்துவந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை எட்வின் லிங்குக்கு விமானம் ஓட்டும் ஆசை. 1920இல் முதல் பாடத்துக்குப் போனார். 50 டாலர் கட்டணம் கட்டியும் அன்று அவரைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொடவே விடவில்லை. சாதாரணக் குடும்பத்துப் பையன் இவ்வளவு செலவழித்து எப்படிக் கற்பான் என்ற கேள்வி அவரை விடவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலிலேயே விடை தேடினார். ஆர்கன் காற்றால் பாடும் கருவி. நம் ஆர்மோனியத்தைப் போல அதற்கும் துருத்தி உண்டு. லிங்க் அந்தத் துருத்திகளை எடுத்து, மரத்தில் செய்த குட்டி விமானக் கூட்டின் அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் ஒரு துருத்தியில் காற்று ஏறும், இன்னொன்றில் இறங்கும். கூடு அந்தப் பக்கம் சாயும், மூக்கைத் தூக்கும், சுழலும். 1929இல் கருவி தயாராகிவிட்டது. ஆனால் பறக்கும் பள்ளிகள் அதைச் சீந்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டால் ஆடும் பொம்மை விமானமாகச் சில காலம் அது பிழைப்பு நடத்தியது.

பார்வையை மாற்றியது சாவு. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அந்த வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. குளிர்காலம், இரவு, பனிமூட்டம். ராணுவ விமானிகளுக்கு வெளியே பார்த்து ஓட்டித்தான் பழக்கம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதில் போதிய பயிற்சி இல்லை. சில மாதங்களுக்குள் 12 பேர் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் ராணுவ அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க நியூவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அடர்ந்த மூட்டம். இவர் வர மாட்டார் என்று அவர்கள் கிளம்ப இருந்த நேரத்தில், கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார் லிங்க். வேறு சான்று தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் வீதம் 6 பெட்டிகளை ராணுவம் வாங்கியது.

ஏன் கருவிகளை மட்டும் நம்ப வேண்டும்? நம் உட்செவியில் உள்ள திரவம்தான் நாம் சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. தொடுவானம் தெரியும்வரை கண் அதைச் சரிபார்த்துக்கொள்ளும். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் சரிபார்க்க ஆளில்லை. விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்தால் செவிக்கு அது தெரியவே தெரியாது. அதை நிமிர்த்தும்போது, வலப்பக்கம் கவிழ்கிறோம் என்று உடம்பு அலறும். எத்தனை மணி நேரம் பறந்தவருக்கும் இது பொது. உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு முள் காட்டுவதை நம்பும் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்து அடைய முடியாது. பழகித்தான் அடைய வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு லிங்க் பெட்டி கச்சிதமாக இருந்தது. நீலநிறக் கூட்டுக்குள் மாணவன் ஏறியதும் மூடியைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருட்டு, எதிரே கருவிகளின் முட்கள் மட்டும். வெளியே மேசையில் பயிற்றுநர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மைக்கில் பேசுவார். மேசைமேல் மூன்று சக்கரம் கொண்ட சின்னக் கருவி ஒன்று நகர்ந்துகொண்டே மையால் கோடு இழுக்கும். அதற்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாணவன் உள்ளே தான் சரியாகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். நண்டு இழுத்த கோடு எங்கேயோ ஒரு மலைக்குக் குறுக்கே போயிருக்கும். மூடியைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டும்போது அவனுக்கு ஏற்படும் அதிர்ச்சிதான் பாடம். அவன் உயிரோடு இருந்துகொண்டே அதைப் பார்க்கிறான். இரண்டாம் உலகப்போரின்போது இந்தப் பெட்டிகளில் சுமார் 5 லட்சம் விமானப் படையினர் பயின்றார்கள். அன்றைய இந்திய விமானப்படையின் பயிற்சி மாணவர்களும் இதே இருட்டுக்குள் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

போர் முடிந்ததும் பயணிகள் விமான நிறுவனங்களின் பக்கம் கதை திரும்பியது. 1948இல் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் ஸ்ட்ராடோகுரூசர் விமானத்தின் காக்பிட்டை அப்படியே தரையில் கட்டவைத்தது. அது அசையாது, ஜன்னலுக்கு வெளியே காட்சியும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு சுவிட்சும் ஒவ்வொரு முள்ளும் உண்மை விமானத்தில் உள்ளபடி வேலை செய்தன. காட்சியைக் கொண்டுவர அடுத்து ஒரு விநோதமான வழி கண்டார்கள். ஊர், வயல், ஓடுபாதை எல்லாவற்றையும் சுவரளவு பலகையில் மாதிரியாகச் செய்து நிறுத்தினார்கள். தண்டவாளத்தில் ஓடும் கேமரா அதன் மேல் ஊர்ந்துபோகும். கேமரா பார்ப்பது விமானியின் ஜன்னலில் திரைப்படமாகத் தெரியும். விமானி கீழே இறக்கினால் கேமரா பலகையை நெருங்கும். பலகை முடிகிற இடத்தில் உலகமும் முடிந்துவிடும் என்பது ஒன்றே குறை. 1970களில் கணினி வரைந்த காட்சிகள் வந்து, முதலில் இரவு விளக்குகளையும் பிறகு பகலையும் காட்டத் தொடங்கின.

அசைவு வந்த விதம் எனக்கு இன்னும் வியப்பானது. இன்றைய பெரிய சிமுலேட்டர், அதாவது விமானத்தைப் போலவே நடிக்கும் பயிற்சிக் கருவி, ஆறு கால்களின் மேல் நிற்கிறது. ஆறும் தனித்தனியே நீளும், சுருங்கும். கட்டடத்துக்குள் நிற்கும் பெட்டி ஓடுபாதையில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவிட முடியாது. அதனால் அது மெதுவாகப் பின்னால் சாய்கிறது. ஜன்னலில் காட்சி மட்டும் மட்டமாகவே இருக்கிறது. புவியீர்ப்பு முதுகை இருக்கையோடு அழுத்த, வேகம் எடுக்கிறோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. மேகத்துக்குள் விமானியை ஏமாற்றும் அதே உட்செவியை இங்கே வேண்டுமென்றே ஏமாற்றி, அதை நம்பாதே என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

மலைக்கு வருவோம். சின்னமனூர் விபத்து நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 இறங்கும் வழியில் ஒரு மலையில் மோதி 92 பேரும் மாண்டார்கள். கனடாவில் பிறந்த டான் பேட்மன் என்ற பொறியாளர் அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கைக் கருவியைச் செய்துவைத்திருந்தார். இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. தரை நெருங்கினால் காக்பிட்டில் குரல் கேட்கும். முதல் தலைமுறைக் கருவி நேர் கீழே மட்டும்தான் அளந்தது. எதிரே செங்குத்தாக எழும் மலையைக் கடைசி விநாடிவரை உணராது. 1990களில் உலகின் மேடுபள்ளங்களையெல்லாம் கணினியில் ஏற்றி, செயற்கைக்கோள் வழியாக விமானத்தின் இடத்தையும் சேர்த்து, எதிரே வரப்போகும் மலையை முன்கூட்டியே சொல்லும்படி பேட்மனின் குழு அதை மேம்படுத்தியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இன்று விமானங்களின் அந்த நினைவகத்தில் இருக்கிறது.

ஆனால் குரல் கேட்டால் போதாது. கை உடனே வேலை செய்ய வேண்டும். சிமுலேட்டரில் இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்கள், கேப்டனும் கோ-பைலட்டும் இறங்குமுன் படிக்கும் பட்டியலைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் சத்தமில்லாமல் ஒரு மலையை வழியில் கொண்டுவந்து வைப்பார். திடீரென்று, ‘டெர்ரெயின், டெர்ரெயின்’. அடுத்து, ‘புல் அப்’. அந்த நொடியில் ஏன், எங்கே என்று யோசிக்கக் கூடாது. ஆட்டோபைலட்டைத் துண்டித்து, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை நன்றாக மேலே தூக்க வேண்டும். பயணிகள் இருக்கும் விமானத்தில் எந்த விமானியும் வாழ்நாளில் செய்திராத அளவுக்குத் தூக்க வேண்டும். மனிதக் கை அதற்குத் தயங்கும். அந்தத் தயக்கத்தை உடைப்பதற்குத்தான் பயிற்சி. உண்மை விமானத்தில், உண்மை மலையை நோக்கிப் போய், இதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பயிற்றுநராலும் முடியாது. 1971இன் ஆவ்ரோ விமானிகளுக்கு அந்தக் குரல் கிடையாது. அந்தப் பயிற்சியும் கிடையாது. இரண்டுமே அப்போது உலகத்துக்குப் புதிது.

இந்தியாவில் இந்தியன் ஏர்லைன்ஸ் தன் மத்தியப் பயிற்சி நிலையத்தை ஐதராபாத்தில் வைத்திருந்தது. போயிங் 737, ஏர்பஸ் ரகங்களுக்கான சிமுலேட்டர்கள் அங்கே வந்தன. தென்னிந்தியாவுக்கு மறக்க முடியாத பாடம் 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் கிடைத்தது. மும்பையிலிருந்து வந்த புத்தம் புதிய ஏர்பஸ் ஏ320, ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இறக்கத்தின்போது விமானம் எஞ்சின் விசையைக் கூட்டாத ஒரு முறையில் இருந்ததும், அதைக் காக்பிட்டில் உரிய நேரத்தில் கவனிக்காததும் விசாரணையில் தெரியவந்தது. தானியங்கி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று விமானி ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். அதைப் பழக சிமுலேட்டரைவிட நல்ல இடம் இல்லை. இன்று விமான நிறுவனங்களின் விமானிகள் ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டரில் தேர்வு எழுதியே ஆக வேண்டும். எஞ்சின் தீப்பிடிக்கும், ஒன்று நின்றுபோகும், கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்படும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் ‘சிம் செக்’ என்றால் முந்தின இரவு அவர்கள் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

நம் நாடே செய்த சிமுலேட்டர்களும் உண்டு. பெங்களூரில் உள்ள ஏடிஇ என்னும் பாதுகாப்பு ஆய்வகம் போர் விமானங்களுக்குச் சிமுலேட்டர்களை உருவாக்கியது. தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாக வானில் ஏறியது. அதற்கு முன்பே சோதனை விமானிகள் அதைத் தரையில் ஓட்டிப் பார்த்து, கட்டுப்பாட்டு மென்பொருளில் திருத்தம் சொல்லியிருந்தார்கள். அதுவரை உலகில் பறந்தேயிராத ஒரு விமானத்தை முன்கூட்டியே பழகிக்கொள்ளும் வித்தை இது. இதைப் பற்றிப் பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிமுலேட்டர் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏ300, முன்னால் சென்ற ஜம்போ விமானத்தின் காற்றுச் சுழலில் மாட்டியது. கோ-பைலட் வால் சுக்கானைக் காலால் மாறி மாறி அழுத்தினார். வால் செட்டை முறிந்தது. தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். விசாரணையில் சுக்கானின் அமைப்போடு, அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டது. அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர் பாடத்தில், காற்றுச் சுழல் உண்மையில் செய்வதைவிட மிக அதிகமாக விமானத்தைப் புரட்டிக் காட்டினார்கள். தரையில் கற்ற தவறான பயம் வானத்தில் கையையும் காலையும் இயக்கிவிட்டது. சிமுலேட்டரில் ஒரு காட்சியை எப்படிக் கட்டுகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போது வீட்டுக் கணினிக்கு வந்துவிட்டது இந்தக் கலை. புரூஸ் ஆர்ட்விக் 1979இல் ஆப்பிள் கணினிக்குச் செய்த கோடுகளாலான விமான விளையாட்டு, 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. 2020இல் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் பரப்பியிருக்கிறார்கள். உத்தமபாளையத்திலோ அனுமந்தன்பட்டியிலோ உள்ள பிள்ளை ஒருவர் தன் ஊருக்கு மேலேயே பறந்து பார்க்கலாம். இது விளையாட்டு மட்டும்தானா? கருவிகளை வரிசையாக மேயும் கண்பழக்கம், ரேடியோ பேச்சு, இறங்குமுன் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை: இவற்றை வீட்டிலேயே நன்றாகப் பழகிக்கொள்ளலாம். 1997இலேயே அமெரிக்க விமானத்துறை, கருவிப் பறத்தல் பயிற்சியில் 10 மணி நேரம்வரை அங்கீகரிக்கப்பட்ட கணினிப் பயிற்சிக் கருவியில் செய்யலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் காற்று இறக்கையைத் தூக்கும் உணர்வு மேசையில் வராது. வீட்டில் பழகிவிட்டு வரும் மாணவர்கள் வெளியே தொடுவானத்தைப் பார்க்காமல் உள்ளேயே முட்களை முறைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது பயிற்றுநர்களின் பொதுவான குறை. அது நியாயமான குறைதான்.

நம் நாட்டின் சட்டம் இதில் நிதானமாக நடக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தனித் தகுதிக்குக் கருவிப் பறத்தல் 40 மணி நேரம். அதிலும் அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் 20 மணி நேரத்துக்கு மேல் கணக்கில் வராது. வீட்டுக் கணினியில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்கு சுழியம்தான். இருந்தாலும், பறக்கும் பள்ளியில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டிய மாணவருக்கு, முந்தின நாள் வீட்டில் பழகிவிட்டு வருவது பெரும் சேமிப்பு. 50 டாலர் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய லிங்கின் கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

தேனி மாவட்டத்திலிருந்து விமானியாக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கொச்சியிலிருந்து கிளம்பி மதுரையில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வானிலையில் மேகத்தைத் தாழ்வாக வையுங்கள். இறங்கத் தொடங்குமுன் வரைபடத்தை எடுத்து, வழியில் உள்ள மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைப் பாருங்கள். மலைப்பகுதி என்பதால் அதோடு 2,000 அடி கூட்டுங்கள். மலைத்தொடர் பின்னால் போய்விட்டது என்று கருவிகள் உறுதியாகச் சொல்லும்வரை அந்த எண்ணுக்குக் கீழே ஓர் அடிகூட இறங்காதீர்கள். ஜன்னலில் ஓர் இடைவெளி தெரிந்து, கீழே ஆண்டிபட்டிச் சாலை தெரிவதுபோல் இருந்தாலும் இறங்காதீர்கள். ஓடுபாதை கிழக்கு மேற்காகத்தான் இருக்கிறது. உயரத்தைக் குறைத்துக்கொள்ள மலை தாண்டிய பிறகும் போதிய தூரம் உண்டு. சின்னமனூரில் 21 பேரின் உயிர் போன மலைத்தொடருக்கு மேலே இதைப் பழகுகிறோம் என்ற நினைவோடு பழகுங்கள்.

அடுத்த இதழில்: மதுரை – போடி ரயில் பாதை.